மரகோலி மக்களின் வழக்கங்களும் ஊர்த்தலைமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குக் கென்யாவின் மரகோலி மக்களைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மானிடவியல் படிக்கும் மாணவர்கள், கிசுமு, ககமேகா பக்கம் வேலைக்குச் செல்பவர்கள், ஆப்பிரிக்க அரசியலைக் கவனித்து வருபவர்கள் ஆகியோர் கேட்டவற்றை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்பே விடை சொல்லிய செய்திகளுக்கு அந்தக் கேள்வியின் எண் தரப்பட்டுள்ளது.

1. மரகோலி என்பவர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

கென்யாவின் மேற்கில், விக்டோரியா ஏரிக்கு வடகிழக்கே, நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்துள்ள விஹிகா கவுண்டியே அவர்களுடைய தாய்மண். ம்பாலே அதன் தலைநகர். சவாகலி, சபாட்டியா, மஜெங்கோ ஆகியவை அவர்கள் நிறைந்து வாழும் பிற ஊர்கள். அதே கவுண்டியில் பன்யோரே, திரிகி, தெரிக் மக்களும் வாழ்வதால், விஹிகாக்காரர் ஒருவரைப் பார்த்தவுடன் மரகோலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விஹிகாவின் மக்கள்தொகை 5,90,013. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல். கென்யக் கிராமப்புறங்களில் இவ்வளவு நெருக்கமான பகுதிகள் மிகச் சில. கீழே வரும் நிலம், திருமணம், புலம்பெயர்வு பற்றிய விடைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த நெருக்கடி இருக்கிறது.

2. லூயா என்கிறார்கள், மரகோலி என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

லூயா என்பது பதினேழு, பதினெட்டுப் பிரிவுகளைத் தழுவிய பொதுப்பெயர். அவற்றுள் புகுசுவுக்கு அடுத்த பெரிய பிரிவு மரகோலி. இந்தப் பொதுப்பெயர் 1930களிலும் 1940களிலும் அரசியல் சங்கங்களின் வழியாகவே வேரூன்றியது. 1931-இல் ககமேகாவில் தங்கம் கிடைத்து, நிலம் பறிபோகுமோ என்ற அச்சம் பரவிய காலத்தில், தனித்தனிப் பிரிவுகளாக நின்றால் குரல் எடுபடாது என்பதை மிஷன் பள்ளிகளில் படித்த இளைஞர்கள் உணர்ந்தார்கள்.

மொழியை எடுத்துக்கொண்டால், மரகோலிகள் பேசும் லுலோகூலி மற்ற லூயா மொழிகளைவிடத் தெற்கே வழங்கும் குசி, குரியா மொழிகளுக்கு நெருக்கமானது என்று பாந்து மொழி வகைப்பாட்டில் வைக்கப்படுகிறது. குசிகளின் முன்னோரும் தங்கள் முன்னோரும் உடன்பிறந்தவர்கள் என்று மரகோலிப் பெரியவர்கள் சொல்லும் வாய்மொழி மரபும் இதனோடு பொருந்தி வருகிறது.

3. குலம், கோத்திரம் மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு. முலோகூலி என்ற மூதாதைக்கும் அவருடைய மனைவி கலியேசாவுக்கும் பிறந்த நான்கு மகன்களின் பெயரால் மாவி, கிரிமா, சாலி, கிசுங்கு என்ற நான்கு பெருங்குலங்கள் வழங்குகின்றன. இவற்றுக்குள் கிளைக்குலங்கள் பல. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட குடும்பங்களும் காலப்போக்கில் குலங்களாகவே எண்ணப்பட்டன. குலம் தந்தைவழி வருவது. ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்ற அடுக்கு இதில் இல்லை.

யாரை மணக்கலாம், எங்கே புதைக்கப்படுவோம், வழக்கு வந்தால் யார் உட்கார்ந்து பேசுவார்கள் என்ற மூன்றையும் குலமே தீர்மானிக்கிறது. பிறந்த குழந்தைக்கு மறைந்த முன்னோரின் பெயரை வைப்பதும் குலத்தைத் தொடரச் செய்யும் வழக்கம்தான்.

4. இவர்களுக்கு ராஜா என்று யாராவது இருந்தாரா?

இல்லை. பக்கத்தில் வாங்கா மக்களுக்கு நபோங்கோ என்ற பட்டம் தாங்கிய அரசர் இருந்ததால் லூயாக்கள் அனைவருக்கும் அரசர் இருந்ததாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். மரகோலிகளிடம் அரசரும் இல்லை, முழு இனத்துக்கும் ஆணையிடும் ஒற்றைத் தலைவரும் இல்லை. 1930களில் மரகோலி, புகுசு மக்களிடையே களப்பணி செய்த ஜெர்மானிய மானிடவியலாளர் குந்தர் வாக்னரும் அதிகாரம் குலம் குலமாகப் பிரிந்து கிடந்ததையே விரிவாகப் பதிவுசெய்தார்.

அதிகாரம் ஆள்களிடையேயும் பிரிந்திருந்தது. படையெடுப்பில் முன்னே நின்றவர் ஒருவர். பலி கொடுக்கும் தகுதி உடையவர் இன்னொருவர். கனவு கண்டு வருவதுரைத்தவர் வேறொருவர். மழை வேண்டியபோது, அண்டையிலிருந்த பன்யோரேயின் ஙான்யி குலத்தாரை நாடினார்கள். அந்தக் குலத்தின் மழைக்கணிப்பு அறிவை இன்று வானிலை ஆய்வாளர்களும் தங்கள் கணிப்போடு சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லா வலிமையும் ஒரே ஆளிடம் குவியாமல் பார்த்துக்கொண்ட சமூகம் இது. தலைவர் இல்லாத சமூகம் என்று சில பழைய நூல்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. தலைவர்கள் இருந்தார்கள், அரியணைதான் இல்லை.

5. ராஜா இல்லை என்றால் ஒருவர் எப்படித் தலைவர் ஆவார்? தேர்தல் வைப்பார்களா?

தேர்தலும் இல்லை, முடிசூட்டும் இல்லை. குலப்பெரியவராக ஒருவர் வளர்கிறார் என்பதே சரி. தலைவரின் மூத்த மகனுக்கு ஒரு வாய்ப்பு முந்துகிறது என்றாலும், அவர் கஞ்சராகவோ முன்கோபியாகவோ இருந்தால் ஊர் மெல்ல வேறொருவர் முற்றத்துக்குப் போகத் தொடங்கிவிடும். முன்னாளில் அந்த முற்றத்தில் கேழ்வரகுக் கள் வார்த்துப் பெரியவர்களை உபசரிக்கும் வசதியும் மனமும் வேண்டியிருந்தன. மாடு இல்லாதவருக்கு மாடு கொடுத்துவைக்கும் கையும் வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிதானமாகப் பேசத் தெரிய வேண்டும்.

எல்லைத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பிகளின் நிலங்களுக்கு நடுவே லுசியோலா மரங்கள் வரிசையாக நட்டிருக்கும். ஒரு மரம் வெட்டப்பட்டாலோ, உழும்போது வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலோ சண்டை எழும். பெரியவர்கள் அந்த வரப்பிலேயே நடந்து பார்க்கிறார்கள். வெட்டிய அடிமரம் எங்கே துளிர்த்திருக்கிறது, பழைய கல் எங்கே புதைந்திருக்கிறது என்று தோண்டியும் பார்ப்பதுண்டு. தந்தையார் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த நாளில் உடனிருந்தவர் யார் என்று கேட்டு அவரை வரவழைக்கிறார்கள். இரு தரப்பும், அவர்கள் வீட்டு இளையோரும் பேசி முடிக்கும்வரை மூத்தவர் வாய் திறப்பதில்லை. அவர் கடைசியில் சொல்வது பெரும்பாலும் அதுவரை பேசப்பட்டவற்றின் சாரமாகவே இருக்கும். தீர்ப்பை நிறைவேற்ற அவரிடம் காவலரும் இல்லை, சிறையும் இல்லை. கேட்காதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராமல் போகும் என்ற அச்சம் ஒன்றே போதுமானதாக இருந்தது. அதன் கனம் பத்தாம் கேள்வியைப் படித்தால் விளங்கும்.

6. அப்படியானால் 'சீஃப்' என்று சொல்கிறார்களே, அவர் யார்?

அவர் அரசு ஊழியர். வரி வசூலிக்கவும் சாலைவேலைக்கு ஆள் திரட்டவும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு ஒவ்வோர் இடத்திலும் பொறுப்புச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அரசர் இல்லாத இடத்தில் அவர்களே சீஃப்களை நியமித்தார்கள். லூயாப் பகுதிகள் பலவற்றில் வாங்கா அரசர் முமியாவின் ஆட்களே அப்படி அமர்த்தப்பட்டதால் எழுந்த கசப்பு பல ஆண்டுகள் நீடித்தது. விடுதலைக்குப் பிறகும் பதவி தொடர்கிறது. ஒரு வட்டாரத்துக்கு சீஃப், அதற்குக் கீழே துணை சீஃப். இருவரும் விண்ணப்பித்து, நேர்காணல் முடித்துச் சம்பளத்துக்கு வருபவர்கள்.

துணை சீஃபுக்கும் கீழே லிகுரு என்ற ஊர்ப்பெரியவர் இருக்கிறார், பன்மையில் மகுரு. நெடுங்காலம் சம்பளமே இல்லாமல் உழைத்தவர்கள் இவர்கள். அரசின் செய்தியை வீட்டுக்கு வீடு கொண்டுபோவதும், வீட்டுச் சண்டையை முதலில் கேட்பதும் லிகுருவே. குலப்பெரியவருக்கும் அரசு அலுவலருக்கும் நடுவில் நிற்கும் இந்த மனிதரைப் பற்றி ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவதில்லை என்பது பெரிய குறை. சீஃப் கூட்டும் பொதுக்கூட்டத்துக்கு பராசா என்று பெயர். அங்கே ஆள் சேர்வதும் சேராததும் பெரும்பாலும் லிகுருவின் கையில் இருக்கிறது.

7. மாமன் மகளைக் கட்டிக்கொள்வது அவர்களிடமும் உண்டா?

இல்லை, அது கடுமையாக விலக்கப்பட்டது. தந்தையின் குலத்திலும் தாயின் குலத்திலும் மணம் செய்யக் கூடாது. தாயின் குலம் முழுவதுமே தாய்வீடு என்று கருதப்படுவதால், நாம் முறைப்பெண் என்று உரிமை கொண்டாடும் மாமன் மகள் அவர்களுக்குச் சகோதரி முறையாகிவிடுகிறாள். பாட்டிமார்களின் குலத்தையும் விசாரித்த பிறகே பேச்சு மேலே நகரும்.

நைரோபியில் சந்தித்துப் பழகும் இளையோருக்கு இது உண்மையான சிக்கல். காதல் முற்றிய பிறகு குலம் ஒன்றென்று தெரிந்தால் இரு வீட்டாரும் உறுதியாக மறுக்கிறார்கள். ஆகவே முதல் சந்திப்புகளிலேயே குலத்தைக் கேட்டுக்கொள்ளுமாறு பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

8. பெண்ணுக்கு மாடு கொடுப்பது விலை கொடுத்து வாங்குவது போல இல்லையா?

ஊவுக்வி எனப்படும் இந்த மணக்கொடை மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குத் தருவது. நம் வரதட்சணைக்கு நேர் எதிர்த் திசை. முன்பு மாடுகளும் மண்வெட்டிகளும் கொடுத்தார்கள். இப்போது மாட்டோடு பணமும் கலந்து வருகிறது. ஒரே நாளில் கொடுத்துத் தீர்த்துவிடுவது வழக்கமன்று. குழந்தைகள் பிறந்து வளர்ந்த பிறகும் பாக்கி இருக்கும். அந்தப் பாக்கி இருக்கும்வரை இரு குடும்பங்களுக்கும் போக்குவரத்தும் இருக்கும். விலை என்றால் கொடுத்ததும் உறவு முடிய வேண்டும், இங்கே அப்படி முடிவதில்லை.

எனினும் இதைப் புகழ்ந்து மட்டும் பேசுவது நேர்மையாகாது. மாடு வாங்கிக்கொண்டோம் என்ற காரணத்தால், அடி வாங்கும் மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளத் தயங்கும் பெற்றோரும் உண்டு. 2014-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், மணக்கொடை தேவைப்படும் வழக்கத் திருமணத்தை நிறுவ அடையாளத் தொகை ஒன்று போதும் என்று கூறுகிறது. இளம் தம்பதியருக்கு அது பேருதவி.

9. ஆண்பிள்ளைகளுக்குச் செய்யும் சடங்கைப் பற்றி ஏதேதோ சொல்கிறார்களே?

ஆண்களுக்கு விருத்தசேதனம் செய்வது மரகோலி மரபு, பெண்களுக்குச் செய்வதில்லை. முன்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறுவர்களைத் தொகுதியாகச் சேர்த்துச் செய்தார்கள். சேர்ந்து செய்துகொண்டவர்கள் ஒரே வயதுக்குழுவாகி, வாழ்நாள் முழுவதும் ஒருவர்க்கொருவர் துணை நின்றார்கள். இப்போது பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் மருத்துவமனையில் முடித்துவிடுகிறார்கள். தோப்புக்குள் மறைவாக வாரக்கணக்கில் நடக்கும் சடங்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது அண்டையிலுள்ள திரிகி மக்களுடையது.

10. சாவு வீட்டில் ஏன் அவ்வளவு கூட்டம், அவ்வளவு செலவு, அவ்வளவு பேச்சு?

மரகோலிச் சமூகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் இடம் சாவு வீடு. நைரோபியில் இறந்தாலும் மொம்பாசாவில் இறந்தாலும் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்து, வீட்டு வளாகத்திலேயே புதைக்க வேண்டும். வண்டி வாடகை, சவப்பெட்டி, பிணவறைக் கட்டணம், வருபவர்களுக்குச் சாப்பாடு என்று ஒரு தனிக்குடும்பத்தால் தாங்க முடியாத செலவு. ஆகவே உடனே ஒரு குழு அமைகிறது. தலைவர், செயலர், பொருளாளர் என்று பொறுப்புகள் பிரிகின்றன. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பெயரும் தொகையும் ஏறுகின்றன. எம்-பெசா என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாகத் தொலைவிலிருந்து வரும் ஐம்பது ஷில்லிங்கும் அதில் ஏறும். மாலைக் கூட்டத்தில் அந்தப் பட்டியல் உரக்க வாசிக்கப்படும். இரவில் பாடலும் தொழுகையுமாக விழித்திருப்பார்கள்.

அடக்கம் முடிந்து சில நாளில் நடப்பது லோவேகோ. நெருங்கிய உறவினர் தலைமுடி மழிக்கும் சடங்கின் பெயரால் அமைந்த இந்தக் கூட்டத்தில்தான் குலப்பெரியவரின் உண்மையான வேலை தெரியும். இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர் எழுந்து சொல்வார். அவரிடம் கடன் வாங்கியவரும் சொல்ல வேண்டும். மாட்டை உறவினரிடமும் நண்பரிடமும் விட்டுவைத்து வளர்ப்பது பழைய வழக்கம் என்பதால், எந்த மாடு எவர் தொழுவத்தில் நிற்கிறது, அதன் கன்றுகள் யாருக்கு என்பதையெல்லாம் சாட்சிகளோடு பேசித் தீர்க்கிறார்கள். எழுத்துப் பதிவு இல்லாத காலத்தில், ஒருவர் நினைவிலிருந்த கணக்கு அவரோடு மண்ணுக்குள் போய்விடாமல் ஊரின் நினைவுக்கு மாற்றிய ஏற்பாடு இது. முடி மழிப்பதைத் திருச்சபையினர் பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் அடக்கத்துக்குப் பின் உட்கார்ந்து கணக்குப் பேசும் வழக்கம் விடவில்லை.

செலவைக் குறித்த முணுமுணுப்பு மரகோலிகளிடமே உண்டு, அது நியாயமானதுதான். நோயில் கிடந்தபோது மருந்துக்குக் கிடைக்காத பணம் இறந்த பிறகு திரள்வதை இளையோர் வெளிப்படையாகவே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

11. கணவன் இறந்தால் மனைவியை அவன் தம்பிக்குக் கட்டிவைப்பார்களாமே, உண்மையா?

அந்த வழக்கம் இருந்தது. கைம்பெண்ணையும் பிள்ளைகளையும் குலத்துக்குள்ளேயே காப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. யாரைக் காப்பாளராக ஏற்கிறாள் என்பதை லோவேகோவில் அவள் வாயால் சொல்லவைப்பார்கள். திருச்சபைகளின் எதிர்ப்பும் எச்ஐவி பரவலும் இதைப் பெரிதும் குறைத்துவிட்டன. இன்று மாமியார் வீட்டு நிலத்திலேயே தனித்து வாழ்ந்து பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்களே மிகுதி. அவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற முயலும் மைத்துனர்கள்தாம் இப்போதைய சிக்கல். அப்படிப்பட்ட வழக்குகளில் நல்ல லிகுரு ஒருவர் வாய்த்தால் பாதி பாரம் குறைந்துவிடும்.

12. மகளுக்கு நிலத்தில் பங்கு உண்டா?

சட்டப்படி உண்டு. 1981-இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைச் சட்டம் மகன், மகள் என்று வேறுபடுத்துவதில்லை. 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்போ, நிலத்தில் பெண்களை ஒதுக்கும் வழக்கங்கள் நீக்கப்பட வேண்டும் என்கிறது. வழக்கப்படி நிலம் மகன்களுக்கே. முதல் கேள்வியில் சொன்ன நெருக்கடியில், மூன்று தலைமுறை பிரித்தபின் ஒரு மகனுக்கு வீடும் சிறு சோளக்கொல்லையும் நாலைந்து வாழைமரமும் மிஞ்சுவதே பெரிது. அதில் மகளும் கேட்டால் குடும்பம் உடையும் என்று பெரியவர்கள் வாதிடுகிறார்கள். நிலம் குறைவு என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான துன்பம்; அதை மகள்களின் தலையில் மட்டும் ஏற்றுவதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

13. கிறித்தவம் வந்த பிறகு பழைய தலைமை அழிந்துவிட்டதா?

அழியவில்லை, இடம் மாறியது. 1902-இல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கர் மூவர் திரிகிப் பகுதியிலுள்ள கைமோசியில் மிஷன் தொடங்கினார்கள். அங்கிருந்து மரகோலிக்குள் பள்ளிகள் பரவின. எமரி ரீஸ் என்ற மிஷனரியும் ஜோயல் லிட்டு என்ற மரகோலி அறிஞரும் சேர்ந்து உழைத்ததால் லுலோகூலி எழுத்துமொழியாக நிலைபெற்றது. உலகில் குவேக்கர்கள் மிகுதியாக வாழும் நாடு இன்று கென்யா. பெந்தகொஸ்தே சபைகளும், 1942-இல் உருவான ஆப்பிரிக்க இஸ்ரவேல் நினிவே சபை போன்ற உள்ளூர்ச் சபைகளும் பின்னர் வளர்ந்தன.

கள்ளுக்குத் தடை வந்ததால் பெரியவரின் முற்றத்தில் தேநீர் வந்தது. முங்கோமா குன்றில் கொடுக்கப்பட்ட பலிகள் மங்கின. ஆனால் குவேக்கர் கூட்டத்தில் வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் பேசி, மனம் ஒன்றுபட்ட பிறகே முடிவு எழுதப்படுகிறது. ஐந்தாம் கேள்வியில் சொன்ன முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்தால், மரகோலிகள் இந்தச் சபையை இவ்வளவு விரைவாகத் தம்முடையதாக்கிக் கொண்டதன் காரணத்தில் ஒரு பகுதி புரியும்.

14. பெண்கள் தலைமைக்கு வர வழியே இல்லையா?

பழைய அமைப்பில் தந்தையின் சகோதரியான அத்தைக்குத் திருமணப் பேச்சில் பெரிய இடம் இருந்தது. ஆனால் குல வழக்குகளில் உட்கார்ந்தவர்கள் ஆண்களே. பெண்களின் தலைமை வளர்ந்தது சபை மாதர் சங்கங்களிலும் சாமா எனப்படும் சேமிப்புக் குழுக்களிலும்தான். சாவு வீட்டு அடுப்படியிலிருந்து பொருளாளர் நோட்டு வரை இன்று அவர்கள் கை படாத வேலை இல்லை. துணை சீஃப் பதவியிலும் பெண்கள் அமர்கிறார்கள்.

15. பெரியவர்கள் சொன்ன தீர்ப்பு நீதிமன்றத்தில் செல்லுமா?

கென்ய அரசியலமைப்பின் 159-ஆம் பிரிவு மரபுவழித் தகராறு தீர்க்கும் முறைகளை ஊக்குவிக்கிறது. ஆனால் அடிப்படை உரிமைகளுக்கோ சட்டத்துக்கோ முரணாக இருக்கக் கூடாது. எல்லைத் தகராறு, மணக்கொடைப் பாக்கி, சகோதரச் சண்டை ஆகியவற்றைப் பெரியவர்கள் தீர்த்தால் நீதிமன்றம் மகிழ்ச்சியோடு ஏற்கும். பன்னிரண்டாம் கேள்வியில் வரும் மகளின் பங்கைப் பெரியவர்கள் மறுத்தால், அந்த முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. பாலியல் குற்றங்களை ஆடு மாடு கொடுத்து ஊருக்குள்ளேயே முடிப்பது வழக்கம் என்ற போர்வையில் நடக்கும் அநீதி. அதற்குச் சட்டத்தில் இடமில்லை, இருக்கவும் கூடாது.

16. முசாலியா முடவாடியை மரகோலிகளின் தலைவர் என்று சொல்லலாமா?

சபாட்டியாவைச் சேர்ந்த அவர் மரகோலி அரசியல்வாதிகளுள் மிகவும் அறியப்பட்டவர். குடியரசுத் தலைவர் மோயின் ஆட்சியில் அமைச்சராக இருந்த மோசஸ் முடவாடியின் மகன். நிதியமைச்சர், துணைப் பிரதமர் பதவிகளை வகித்து, 2022 முதல் பிரதான அமைச்சரவைச் செயலராக இருக்கிறார். 2016 டிசம்பர் 31 அன்று, தொழிற்சங்கத் தலைவர் பிரான்சிஸ் அட்வோலி முன்னின்று நடத்திய ககமேகாக் கூட்டத்தில் அவர் லூயாக்கள் அனைவரின் செய்தித்தொடர்பாளராக அறிவிக்கப்பட்டார். ஒரே மனிதர் எங்கள் எல்லோருக்கும் பேச முடியுமா என்ற கேள்வி உடனே எழுந்ததும் இயல்பே. நான்காம் கேள்வியைப் படித்தவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது. நாடாளுமன்றத் தலைமை வேறு, குலத்தலைமை வேறு. அமைச்சரே வந்தாலும் சாவு வீட்டில் பேச்சாளர்களின் வரிசையை வகுப்பது அந்த வீட்டுக் குலத்தார்தான்.

17. இவர்களுடைய பண்பாட்டு விழா எப்போது?

ஆண்டுதோறும் டிசம்பர் 26, ம்பாலேயில். கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பியவர்கள் எல்லோரும் கூடும் நாள் அது.

18. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு இந்தத் தலைமையெல்லாம் பொருந்துமா?

நிலம் போதாமல் லுகாரி, மிகோரி பகுதிகளுக்கும், எல்லை கடந்து உகாண்டாவுக்கும் பல குடும்பங்கள் சென்றன. உகாண்டாவின் கிர்யாண்டோங்கோ பகுதியில் கடந்த நூற்றாண்டின் நடுவில் குடியேறிய மரகோலிகளின் நிலை கடினமானது. 1926 பிப்ரவரி 1 அன்று அந்நாட்டில் இருந்த சமூகங்களையே அரசியலமைப்பு அட்டவணை பட்டியலிடுவதால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அடையாள அட்டை பெறத் திண்டாடினார்கள். சட்டம் அவர்களை எந்தப் பட்டியலிலும் சேர்க்காத காலத்தில் அவர்களுக்காக மனுக்கொடுத்துப் பேசியது அவர்களுடைய சமூகப் பெரியவர்களே.

நைரோபியின் கங்கெமி, கவாங்வாரே போன்ற இடங்களில் குலச் சங்கங்கள் மாதந்தோறும் கூடிச் சந்தா சேர்க்கின்றன. சந்தா கட்டத் தவறுபவரை யாரும் நீக்குவதில்லை. ஆனால் அவர் வீட்டில் சாவு விழும்போது நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கே பணியாற்றும் தமிழர் யாரேனும் உடன் வேலை செய்பவரின் வீட்டுத் துக்கத்துக்குச் செல்ல நேர்ந்தால், தொகை சிறியதே என்று கூச்சப்பட்டு உறையைத் தனியாக நீட்ட வேண்டாம். பொருளாளரிடம் சென்று பெயரையும் வேலைசெய்யும் இடத்தையும் சொல்லி எழுதவைப்பதே முறை.